ஒரு பிள்ளை, பன்னிரண்டு ஆசிரியர்கள்: இடைநிலைப் பாடசாலைக்கு ஆசிரியரை ஆயத்தப்படுத்தல்

(இங்கிலாந்தில் வாழும் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட சந்திப்பு ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வுரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் பெற்றோருக்குத் தொடர்பற்றதாக முதலில் தோன்றக்கூடும். இடைநிலைப் பாடசாலை ஆசிரியர்களாக வரவிருப்போர், பாடசாலை என்னும் அமைப்பை விளங்கிக்கொள்ளவும் சக ஆசிரியருடன் இணைந்து பணியாற்றவும் எவ்வாறு பயிற்றப்படுகின்றனர் என்பதே அப்பொருள். அது பல்கலைக்கழகத்தாரின் கவலையன்றோ, பிள்ளையின் பெறுபேற்றுக்கும் அதற்கும் யாது தொடர்பு என்று கேட்போர் இவ்வரங்கிலேயே இருப்பர். அவர்களுக்காகவே முதலில் ஓர் எடுத்துக்காட்டு.

எட்டாம் ஆண்டில் பயிலும் ஒரு மாணவனை எண்ணிக்கொள்ளுங்கள். வயது பன்னிரண்டு. கணித ஆசிரியை அவன் இரு வாரமாக வீட்டுப்பாடம் ஒப்படைக்காததைக் கவனிக்கிறார். விஞ்ஞான ஆசிரியர், முன்பு கையுயர்த்திய பையன் இப்போது பின்வரிசையில் வாய்திறவாது இருப்பதைக் காண்கிறார். உடற்பயிற்சி ஆசிரியர், மூன்று வியாழக்கிழமைகளாக அவன் விளையாட்டு உடையை மறந்து வருவதைக் குறித்துக்கொள்கிறார். காலையில் வரவு எடுக்கும் வகுப்பாசிரியர் அவன் பத்து நிமிடம் பிந்தி வருவதைப் பதிகிறார். உணவுக்கூடத்தில் நிற்பவர் அவன் உணவு வாங்குவதில்லை என்பதை அறிவார். இவை ஐந்தும் தனித்தனியே எடுத்தால் அற்பமானவை. ஒவ்வொருவரும் ஒரு சிறு கண்டிப்போடு விட்டுவிடுவர். ஐந்தையும் ஒரே மேசையில் வைத்தால், அந்த வீட்டில் ஏதோ நிகழ்ந்துவிட்டது என்பது எவருக்கும் புலப்படும். தந்தை வேலையிழந்திருக்கலாம், தாய் இரவுப் பணிக்கு மாறியிருக்கலாம், அதைவிடக் கொடியதும் இருக்கலாம்.

அந்த மேசை எங்கே இருக்கிறது? அதைச் சுற்றி அமரவேண்டும் என்று அந்த ஐவருக்கும் எவரேனும் கற்பித்தனரா?

தொடக்கப் பாடசாலையில் இக்கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. முப்பது பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் அறை. பிள்ளையின் முகம் வாடினால் காலை ஒன்பதரை மணிக்கே தெரிந்துவிடும். பதினொரு வயதில், செப்டெம்பர் மாதத்து ஒரு காலையில், அந்தப் பிள்ளை பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்களின் கைக்கு மாறுகிறது. வாரத்துக்கு இருபது பாடவேளை கற்பிக்கும் ஒரு வரலாற்று ஆசிரியர், வகுப்பொன்றுக்கு இரண்டு வேளை என்று கொண்டால், பத்து வகுப்புகளை, அதாவது ஏறத்தாழ முந்நூறு பிள்ளைகளைச் சந்திக்கிறார். அவர் எத்துணை நல்லவராயினும், தனியொருவராக எந்தப் பிள்ளையையும் முழுமையாக அறிய இயலாது. இடைநிலைப் பாடசாலையில் பிள்ளையை அறிவது, அறிய இயலுமாயின், அந்த அமைப்பு மட்டுமே.

மென்பொருள் துறையில் பணியாற்றுவோர் இவ்வரங்கில் பலர் இருப்பர். அவர்களுக்கு இது புதிதன்று. தனித்தனிப் பகுதிகள் யாவும் சோதனையில் தேறிவிடும். இரண்டு பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் இடத்திலேதான் பெரும்பாலான பழுதுகள் வெளிப்படும். அங்கு அதற்கென்றே ஆட்களை நியமித்துச் சோதிக்கிறார்கள். பாடசாலையில் பொருத்துவாய்களைப் பார்க்கும் பணி எல்லோருடையதும் ஆகையால், சில வேளை எவருடையதும் அன்று.

தமிழ்ப் பெற்றோரின் மனத்தில் ஆசிரியர் என்றால் தனியொருவரே. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்தவர்கள் இன்றும் தங்கள் வாழ்வை மாற்றிய ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்வார்களேயன்றி, ஒரு பாடசாலையின் கணிதப் பகுதியின் பெயரைச் சொல்வதில்லை. அந்நினைவு அருமையானது, அதைக் குறைத்துப் பேசவேண்டியதில்லை. ஆயினும் அந்த மனப்படத்தை வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் இடைநிலைப் பாடசாலையை அளந்தால், பார்க்கவேண்டியவற்றில் பாதி கண்ணுக்குப் படாது போய்விடும்.

இம்மனப்படம் பெற்றோரிடம் மட்டும் உள்ளதன்று, ஆசிரியராக வர விரும்பும் இளையோரிடமும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் வெளியிட்ட ‘ஸ்கூல் டீச்சர்’ என்னும் நூலில் இதனை நுட்பமாக விளக்கினார். பாடசாலை என்பது முட்டை அடுக்கும் தட்டைப் போன்றது. ஒவ்வொரு ஆசிரியரும் தத்தம் குழியில், அடுத்தவரைத் தொடாமல் இருக்கிறார் என்பது அவர் காட்டிய படிமம். அதனினும் முக்கியமான அவருடைய கருத்து மற்றொன்று. மருத்துவராக வருபவர் மருத்துவத்தைப் பார்த்துப் பழகாமலேயே பயிற்சிக்கு வருகிறார். ஆசிரியராக வருபவரோ பதின்மூவாயிரம் மணிநேரம் ஆசிரியர்களைப் பார்த்த பின்னரே வருகிறார். ஆனால் மாணவன் இருக்கையிலிருந்து மட்டும் பார்த்திருக்கிறார். வகுப்பின் முன்னே நிற்கும் ஆசிரியர் அவருக்குத் தெரியும். அந்த ஆசிரியர் மாலையில் சக ஆசிரியரோடு அமர்ந்து வினாத்தாள் வகுத்ததும், ஒரு பிள்ளையைப் பற்றி ஆண்டுத் தலைவரோடு வாதிட்டதும், கால அட்டவணையை மாற்றக் கேட்டுத் தோற்றதும் தெரியா. ஆதலால் ஆசிரியப் பயிற்சி இந்த மறைந்த பாதியைத் திட்டமிட்டுக் கற்பிக்காவிட்டால், புதிய ஆசிரியர் தாம் பார்த்ததையே, அதாவது தனித்து நிற்பதையே, ஆசிரியத் தொழில் என்று கொள்வார்.

இது பிள்ளைகளின் பெறுபேற்றைத் தொடுமா? தொடும் என்பதற்கு இலண்டனிலேயே ஒரு பழைய சான்று உண்டு. மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் உள் இலண்டனின் 12 இடைநிலைப் பாடசாலைகளை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து, 1979இல் ‘பதினையாயிரம் மணிநேரம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டனர். மாணவர் வரவு, நடத்தை, பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றில் பாடசாலைகளிடையே பெரும் வேறுபாடு இருந்தது. எத்தகைய பிள்ளைகள் அங்கே சேர்ந்தனர் என்பதைக் கணக்கிலெடுத்த பின்னரும் அவ்வேறுபாடு நீங்கவில்லை. கட்டடத்தின் பழமையோ பாடசாலையின் பருமனோ காரணமாக இருக்கவில்லை. சிறந்து விளங்கிய பாடசாலைகளில் பாடத்திட்டம் ஆசிரியர் குழுக்களால் கூட்டாக வகுக்கப்பட்டது. பின்தங்கியவற்றுட் சிலவற்றில், என்ன கற்பிப்பது என்பதைக்கூட ஒவ்வொரு ஆசிரியரும் தனியே முடிவுசெய்ய விடப்பட்டிருந்தார். பின்னாளில், 2003 முதல் 2011 வரை நடைபெற்ற ‘இலண்டன் சாலெஞ்ச்’ திட்டம், பாடசாலைகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்பதை முதன்மையாகக் கொண்டதும், நாட்டின் சராசரிக்குக் கீழே கிடந்த இலண்டன் இடைநிலைப் பாடசாலைகள் அக்காலத்திலேயே சராசரியைக் கடந்ததும் பலரும் அறிந்தவை. அவ்வெழுச்சியின் முழுக் காரணமும் அத்திட்டமே என்று அடித்துச் சொல்வது மிகை. ஆனால் அதன் பயனை நேரே பெற்றவர்களுள் ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் படித்த தமிழ்ப் பிள்ளைகளும் அடங்குவர்.

பெறுபேற்றை விடப் பெரிய காரணமும் உண்டு. ஐவரி கோஸ்ட் நாட்டிலிருந்து வந்த விக்டோரியா கிளிம்பியே என்னும் எட்டு வயதுச் சிறுமி 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலண்டனில், உறவினரின் கொடுமையால் உயிரிழந்தாள். இங்கிலாந்தில் அவள் எந்தப் பாடசாலையிலும் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. சமூகசேவைத் துறையினர், காவல்துறையினர், மருத்துவமனையினர் எனப் பலர் அவளைக் கண்டிருந்தனர். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய தருணங்கள் பன்னிரண்டு இருந்தன என 2003 ஜனவரியில் வெளியான லாமிங் பிரபுவின் அறிக்கை எண்ணிக் காட்டியது. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தது. துண்டுகள் ஒன்று சேரவில்லை. அதன் பின்னரே 2004ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், துறைகள் ஒத்துழைப்பதைக் கடமையாக்கியது. இன்று ஒவ்வொரு பாடசாலையிலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென ஒரு மூத்தவர் நியமிக்கப்பட்டிருப்பதும், ஐயம் எழுந்தால் ஆசிரியர் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் உடனே அவரிடம் தெரிவிக்கவேண்டும் என்பதும் துண்டுகளை ஒன்று சேர்க்கும் ஏற்பாடுகளே. பாடசாலையிலிருந்து வரும் இத்தகைய தொலைபேசி அழைப்பைச் சில தமிழ்ப் பெற்றோர் குடும்ப மானத்தின் மீதான தாக்குதலாகக் கொள்கின்றனர். அந்த ஆசிரியர் தம் கடமையைச் செய்கிறார், செய்யாதிருந்தால்தான் அஞ்சவேண்டும்.

இனி, பயிற்சியைப் பார்ப்போம். பட்டதாரி ஒருவர் இங்கிலாந்தில் இடைநிலை ஆசிரியராவதற்கு வழமையான வழி பி.ஜி.சி.ஈ எனப்படும் ஓராண்டுப் படிப்பு. நெடுங்காலம் அதன் அமைப்பு இப்படித்தான் இருந்தது: பல்கலைக்கழகத்தில் விரிவுரைகள், பின்னர் சில வாரங்கள் ஏதோ ஒரு பாடசாலையில் ‘கற்பித்தற் பயிற்சி’, இடையே விரிவுரையாளர் ஓரிரு முறை வந்து பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துச் செல்வார். பயிலுநர் அப்பாடசாலைக்கு விருந்தாளி. கொடுத்த வகுப்பை எடுப்பார். மணி அடித்தால் வெளியேறுவார். பாடசாலை எவ்வாறு முடிவெடுக்கிறது, பணிகளை எவ்வாறு பகிர்கிறது என்பவை அவர் கண்ணுக்குப் படா.

இதனை மாற்றிய முயற்சிகளுள் ஆழ்ந்து நோக்கத்தக்கது, ஒக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அம்மாவட்டத்து அரச இடைநிலைப் பாடசாலைகளுடன் சேர்ந்து 1987இல் தொடங்கிய உள்ளகப் பயிற்சித் திட்டம். அதன் கட்டமைப்பே ஒரு பாடம். பயிலுநர் ஆண்டின் பெரும்பகுதியை ஒரே பாடசாலையில் கழிப்பார். ஒரு பாடசாலைக்கு ஒருவர் இருவராக அன்றி, வெவ்வேறு பாடங்களைச் சேர்ந்த ஏறத்தாழப் பத்துப் பேர் கொண்ட குழுவாக அனுப்பப்பட்டனர். ஒவ்வொரு பாடப்பகுதியிலும் இருவர் இருவராக அமர்த்தப்பட்டனர். அப்பகுதியின் ஆசிரியர் ஒருவர் அவர்களுக்கு வழிகாட்டி. பாடசாலை முழுமைக்கும் பொறுப்பான மூத்த ஆசிரியர் ஒருவர் அந்தப் பத்துப் பேரையும் ஒன்றாக அமர்த்தி, பாடத்தைக் கடந்த விடயங்களை ஆராய்வார்: பிள்ளைகளின் நலன் பேணும் ஏற்பாடு, சிறப்புத் தேவையுடையோர், மதிப்பீடு, பெற்றோருடனான உறவு ஆகியவை.

இருவரை ஒன்றாக அமர்த்துவதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தனியே கற்பிக்கும் புதியவர், வகுப்பு குழம்பினால் அதை மறைக்கவே முயல்வார். மதிப்பெண் இடும் வழிகாட்டியிடம் தம் தடுமாற்றத்தை எவர் விரும்பி உரைப்பர்? பக்கத்தில் தம்மைப் போலவே தடுமாறும் ஒருவர் இருந்தால் நிலை வேறு. ஒருவர் கற்பிக்க, மற்றவர் ஒரு மூலையில் இருந்து நான்கு பிள்ளைகளை மட்டும் கவனிப்பார். பாடம் முடிந்ததும், ‘மூன்றாவது வரிசைப் பெண்பிள்ளைக்கு இரண்டாம் கணக்கிலேயே விளங்கவில்லை, நீங்கள் பார்க்கவில்லை’ என்று அச்சமின்றிச் சொல்வார். அடுத்த பாடத்தை இருவரும் சேர்ந்து வகுப்பர். ஜப்பானிய ஆசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாகப் பேணிவரும் ‘பாட ஆய்வு’ மரபின் உட்கருவும் இதுவே. குழுவாக ஒரு பாடத்தை வகுத்து, ஒருவர் கற்பிக்க ஏனையோர் கண்காணித்து, ஒன்றாக அமர்ந்து திருத்துவது. அங்கு விமர்சிக்கப்படுவது ஆசிரியர் அன்று, பாடமே. புதிய ஆசிரியர் தம் முதலாண்டிலேயே இப்பழக்கத்தைப் பெற்றுவிட்டால், முப்பதாண்டுப் பணியில் அடுத்தவர் தம் வகுப்பறைக் கதவைத் தட்டும்போது அவர் முகம் சுளிக்கமாட்டார்.

ஒக்ஸ்போர்டுத் திட்டத்தின் சிந்தனையாளர்களுள் முதன்மையான டொனால்ட் மக்இன்டயர் மற்றொன்றையும் வலியுறுத்தினார். பல்கலைக்கழகம் கூறுவதைப் பாடசாலை அனுபவத்தால் சோதிக்கவேண்டும்; பாடசாலை வழக்கத்தைப் பல்கலைக்கழக அறிவால் சோதிக்கவேண்டும்; இரண்டையும் அப்படியே விழுங்கக்கூடாது என்பதே அது.

1992இல் அரசாங்கம், 36 வார இடைநிலைப் பயிற்சியில் 24 வாரங்கள் பாடசாலையிலேயே கழியவேண்டும் என்று விதித்தது. இன்றும் பட்டதாரிப் பயிலுநர் பயிற்சியின் பெரும்பகுதியைப் பாடசாலையில், இரண்டு பாடசாலைகளிலேனும், செலவிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ஓரிடத்தில் நாட்களைக் கழிப்பதனால் மட்டும் அவ்விடத்தின் இயக்கம் விளங்கிவிடாது. விமானத்தில் நூறு முறை பறந்தவர் விமானி ஆவதில்லை. ஒக்ஸ்போர்டுத் திட்டத்திலிருந்து நாடு முழுதும் பரவியது ‘பாடசாலையில் வழிகாட்டி’ என்னும் ஏற்பாடு. இருவராக அமர்த்துவதும், பல பாடத்தாரைக் குழுவாக அமர்த்திப் பாடசாலை முழுமையையும் ஆராயச் செய்வதும் கட்டாயமாகவில்லை. எளிதில் கணக்குக் காட்டக்கூடியது நிலைத்தது. கடினமானது ஒவ்வொரு பயிற்சி நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

ஆசிரியத் தகைமைக்கான விதிகளிலும் இதே போக்கைக் காணலாம். 2007இல் வகுக்கப்பட்ட 33 தகைமை விதிகளில் இரண்டு நேரடியாக இப்பொருளையே பேசின: கூட்டுப்பணியில் ஈடுபாடு வேண்டும் என்றது ஒன்று, குழுவின் உறுப்பினராகப் பணியாற்றுக என்றது மற்றொன்று. 2012 செப்டெம்பர் முதல் நடைமுறையில் உள்ள ஆசிரிய நியமங்கள் எட்டாகச் சுருங்கின. சக ஆசிரியருடனான உறவு, துணைப் பணியாளரைப் பயன்படுத்தல், பெற்றோருடன் தொடர்பாடல் யாவும் எட்டாவது நியமமான ‘பரந்த தொழிற் பொறுப்புகள்’ என்னும் ஒரு தலைப்பின் கீழ் அடங்கின. ‘பரந்த’ என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது; முதன்மைப் பணி முடிந்த பின் நேரமிருந்தால் பார்க்கவேண்டியது என்னும் தொனி அதில் ஒலிக்கிறது.

இதனால் நேரும் இழப்புக்கு மிகத் தெளிவான சான்று வகுப்பறை உதவியாளர் விடயம். பிள்ளைக்குக் கற்றல் இடர் இருப்பதாகக் கண்டறியப்பட்டு, மாதக்கணக்கில் படிவம் நிரப்பி, கூட்டங்களுக்குச் சென்று, இறுதியில் ‘உங்கள் பிள்ளைக்கு ஓர் உதவியாளர் ஒதுக்கப்பட்டுள்ளார்’ என்ற கடிதம் வரும்போது அக்குடும்பம் அடையும் நிம்மதியை அறிந்தவர்கள் இங்கு இருக்கக்கூடும். இலண்டன் கல்வியியல் நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் பிளட்ச்போர்டும் குழுவினரும் 2003 முதல் 2008 வரை நடத்திய பெரும் ஆய்வு, இதில் ஓர் அதிர்ச்சியைத் தந்தது. உதவியாளரின் துணையை மிகுதியாகப் பெற்ற பிள்ளைகள், அவர்களை ஒத்த, ஆனால் குறைவாகத் துணைபெற்ற பிள்ளைகளை விடக் குறைந்த முன்னேற்றமே கண்டனர். பிள்ளையின் முந்தைய நிலையையும் சிறப்புத் தேவையையும் கணக்கிலெடுத்த பின்னரும் முடிவு அதுவே.

குற்றம் உதவியாளருடையதன்று. அவர் பாடம் தொடங்கும்போதுதான் அன்றைய பாடம் எதுவென்று அறிகிறார். ஆசிரியருடன் பேச அவருக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. பிள்ளை பின்தங்காமல் வேலையை ‘முடித்துவிட’ உதவுகிறார்; விடையைப் பாதி தாமே சொல்லிவிடுகிறார். ஆசிரியரோ, அந்தப் பிள்ளைக்குத்தான் ஆள் இருக்கிறாரே என்று ஏனைய இருபத்தொன்பது பேரிடம் திரும்பிவிடுகிறார். இறுதியில், யாருக்கு ஆசிரியரின் துணை மிகுதியாக வேண்டுமோ அவருக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது. மற்றொருவருடன் ஒரே வகுப்பறையில் பணியாற்றுவது எப்படி என்பதில் பெரும்பாலான ஆசிரியர்கள் எந்தப் பயிற்சியும் பெற்றிருக்கவில்லை என்பதையும் அவ்வாய்வு பதிவுசெய்தது. ஆகவே, இத்தகைய பிள்ளையின் பெற்றோர், ‘வாரத்துக்கு எத்தனை மணிநேர உதவி?’ என்று கேட்பதோடு, ‘ஆசிரியரும் உதவியாளரும் ஒருவரோடொருவர் எப்போது பேசுகின்றனர்?’ என்றும் கேட்கவேண்டும். பாடசாலையில் ‘சென்கோ’ எனப்படும் சிறப்புத்தேவை ஒருங்கிணைப்பாளரிடம் இதனைக் கேட்கலாம்.

இன்னொரு எடுத்துக்காட்டு, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு நேரே உரியது. அலன் புல்லொக் தலைமையிலான குழு 1975இல் வெளியிட்ட அறிக்கை, மொழி வளர்ச்சி ஆங்கில ஆசிரியரின் பணி மட்டுமன்று, எல்லாப் பாட ஆசிரியரின் பணியும் ஆகும் என்று கூறியது. விளையாட்டு மைதானத்தில் பேசும் ஆங்கிலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடநூல் ஆங்கிலம் கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும் என்பது ரொறன்ரோவைச் சேர்ந்த ஜிம் கமின்ஸ் நிலைநாட்டிய கருத்து. ஒன்பது வயதில் வன்னியிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்த பிள்ளை பதின்மூன்று வயதில் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும். எல்லோரும் மொழிச்சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவர். ‘எவாலுவேட்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். கணிதத்தில் அதற்குப் பெறுமதியைக் கணித்தல் என்று பொருள். விஞ்ஞானத்தில் சான்றுகளை இருபுறமும் நிறுத்துத் தீர்ப்புக் கூறல். வரலாற்றில் ஒரு விளக்கத்தின் வலிமையை மதிப்பிடல். மூன்று ஆசிரியரும் ஒரே வாரத்தில் அச்சொல்லை அப்பிள்ளைக்கு முன் எழுதுகின்றனர். மூவரும் ஒருமுறையேனும் சேர்ந்து அமர்ந்திருந்தால், ‘இங்கே இதற்கு இது பொருள்’ என்ற ஒரு வரியை ஒவ்வொருவரும் சேர்த்திருப்பர். அமராததால், பிள்ளை ‘விஞ்ஞானத்தில் பலவீனம்’ என்று அறிக்கை வருகிறது. பெற்றோர் விஞ்ஞானத்துக்குத் தனியார் வகுப்பு தேடுகின்றனர்.

பயிற்சிக் காலத்தில் இவற்றைக் கற்பிக்க மாபெரும் செலவு தேவையில்லை. பல பயிற்சி நெறிகளில் உள்ள ஓர் எளிய பயிற்சி, ஒரு மாணவரைக் காலை முதல் மாலை வரை பின்தொடர்தல். கணிதம் கற்பிக்க வந்த பயிலுநர் ஒருநாள் முழுதும் ஒரு பெண்பிள்ளையுடன் ஆறு பாடங்களுக்குச் செல்கிறார். கணிதத்தில் மௌனமாக இருக்கும் பிள்ளை நாடக வகுப்பில் மற்றவரை நடத்துவதைக் காண்கிறார். ஒரே நாளில் நான்கு ஆசிரியர்கள் அவளிடம் நான்கு விதமாகக் குறிப்பேடு எழுதச் சொல்வதைப் பார்க்கிறார். மதிய உணவின்போது அவள் தனியே இருப்பதை அறிகிறார். அந்த ஒருநாள், பல விரிவுரைகள் தராததைத் தரும். ஆனால் பார்த்ததை அந்த ஆறு ஆசிரியரிடமும் கொண்டுசென்று பேசும் வாய்ப்பு இல்லையென்றால், அது பயிலுநரின் கோப்பில் இரண்டு பக்கமாக முடிந்துவிடும். அதுபோலவே கால அட்டவணையை வாசிக்கக் கற்பதும். ஒன்பதாம் ஆண்டின் நலிந்த கணிதப் பிரிவுக்கு வெள்ளி இறுதிப் பாடவேளை ஏன் விழுந்தது, யாருக்கு விட்டுக்கொடுத்ததால் விழுந்தது என்று ஒரு பயிலுநர் விசாரித்து அறிந்தால், பாடசாலையில் முடிவுகள் எவ்வாறு பிறக்கின்றன என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

தகைமை பெற்ற பின்னரும் பயிற்சி முடிவதில்லை. 2021 செப்டெம்பர் முதல் புதிய ஆசிரியரின் தொடக்கக் காலம் ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீண்டது. முதலாண்டில் பாடவேளையில் 10 விழுக்காடும் இரண்டாமாண்டில் 5 விழுக்காடும் அவருக்குக் குறைக்கப்படுகிறது, வழிகாட்டியும் உண்டு. 2005 முதல் ஆசிரியர்க்கெல்லாம் பாடம் வகுக்கவும் திருத்தவும் கற்பித்தல் நேரத்தில் 10 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இருவருக்கு அந்த நேரம் ஒரே வேளையில் விழுமா என்பது மட்டும் எவராலும் உறுதியளிக்கப்படவில்லை. ஒருவருக்குத் திங்கள் காலை, மற்றவருக்குப் புதன் மாலை என்றால் சட்டம் நிறைவேறும், கூட்டுப்பணி நிகழாது.

எதிர்வாதம் ஒன்றையும் மறைக்கலாகாது. கூட்டங்கள் மிகுந்தால் கூட்டுப்பணி மிகும் என்பதில்லை. மேலிடம் விதித்த படிவத்தை நிரப்புவதற்காக ஆசிரியர்களை ஒன்றாக அமர்த்துவதைக் கல்வியியலாளர் அன்டி ஹார்கிரீவ்ஸ் ‘செயற்கையாகப் புனைந்த தோழமை’ என்னும் கருத்துப்படச் சுட்டினார். களைத்த ஆசிரியர்கள் மாலை நான்கு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தபடி இருக்கும் கூட்டத்தால் எந்தப் பிள்ளைக்கும் நன்மை விளைவதில்லை. ஒரு குறிப்பிட்ட பாடம், ஒரு குறிப்பிட்ட பிள்ளை, ஒரு குறிப்பிட்ட விடைத்தாள் மேசையில் இருந்தாலே பேச்சு பயன்படும். இதுவும் பயின்று பெறவேண்டிய திறனே. நல்ல உள்ளம் மட்டும் போதாது.

பெற்றோர் செய்யக்கூடியது சிறிது, ஆனால் பயனுள்ளது. ‘இன்செட் நாள்’ என்று பாடசாலை மூடப்படும்போது, வேலைக்கு விடுப்பு எடுக்க நேரும் எரிச்சல் இயல்பே. 1980களின் பிற்பகுதியில் கல்வி அமைச்சர் கென்னத் பேக்கர் காலத்தில் வந்த ஐந்து நாட்கள் அவை. பிள்ளைகளின்றி ஆசிரியர் அனைவரும் ஒன்றாக அமரக்கூடிய நாட்கள் ஆண்டில் அவ்வளவே. பெற்றோர் சந்திப்பில் ஒரு பாட ஆசிரியருடன் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுத் திரும்பவேண்டாம். வீட்டில் பெரிய மாற்றம் நிகழ்ந்தால், அதாவது ஒரு மரணம், பிரிவு, நோய், வீடு மாறுதல் நிகழ்ந்தால், அதனை வகுப்பாசிரியருக்கோ ஆண்டுத் தலைவருக்கோ இரண்டு வரியில் எழுதுங்கள். பாட ஆசிரியர் பன்னிருவருக்கும் அறிவிக்கும் பொறுப்பு அவர்களுடையது. ஆங்கிலம் தடையென்றால் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம். பிள்ளையைப் பற்றிய செய்தியைப் பிள்ளையின் வாயாலேயே பெறுவது எவருக்கும் நல்லதன்று.

இளையோருக்கு ஒரு சொல். ஆசிரியராக விரும்புகிறேன் என்று தமிழ் வீட்டில் சொல்வது எளிதன்று. பொறியியலும் மருத்துவமும் கணக்கியலும் முடிந்த பின்னரே அச்சொல் காதில் விழும். இலங்கையில் பட்டதாரிகள் பலர் முன்பயிற்சியின்றியே நியமனம் பெற்று, வகுப்பில் நின்றபடியே பின்னர் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடித்ததைப் பெற்றோர் கண்டிருப்பதால், ‘பாடம் தெரிந்தால் போதும், கற்பிக்கலாம்’ என்ற எண்ணமும் வீட்டில் இருக்கும். எனினும், பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தால் ஒரு புலம்பெயர் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உள்ளிருந்து அறிந்த ஓர் ஆசிரியர், அந்த மேசையில் அமரும் ஐவருள் ஒருவராக இருப்பதன் மதிப்பை அளவிடல் அரிது.

விண்ணப்பிக்க முன்வருவோர், பல்கலைக்கழகத்தின் பெயரையும் உதவித்தொகையையும் மட்டும் பாராமல், நேர்முகத்தில் சிலவற்றைக் கேட்கவேண்டும். அதே பாடசாலைக்கு வேறு பயிலுநர்களும் அனுப்பப்படுவரா, அல்லது தனியே நிற்கவேண்டுமா? வழிகாட்டியின் நேரம் கால அட்டவணையிலேயே குறிக்கப்பட்டுள்ளதா, அல்லது நடைவழியில் பிடித்துப் பேசவேண்டுமா? ஒரு வகுப்பாசிரியருடன் இணைக்கப்பட்டு, காலை வரவு முதல் பெற்றோர் சந்திப்பு வரை உடனிருக்க முடியுமா? உதவியாளர் ஒருவருடன் சேர்ந்து ஒரு பாடமேனும் வகுக்க வாய்ப்புண்டா? நேர்முகம் நடத்துபவர் இவற்றுக்குத் தயக்கமின்றி விடை கூறினால் அந்த இடத்தை ஏற்கலாம். ‘அது பாடசாலையைப் பொறுத்தது’ என்று நான்குக்கும் ஒரே விடை வந்தால், அடுத்த நிறுவனத்தின் விண்ணப்பத்தையும் நிரப்பி வைத்துக்கொள்வது நல்லது.